சிலிண்டர் தேர்வு: அளவைவிட எண்ணிக்கையே முதலில்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபோகிறவர் காஸ் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, பெரியதா சின்னதா என்பதுதான். கேள்வி முடியுமுன்னே பெரும்பாலானோர் பெரியது என்று சொல்லிவிடுவார்கள். 12.5 கிலோ சிலிண்டர்தான் குடும்பத்துக்கு உரியது, 5 கிலோ சிலிண்டர் தனியாள்களுக்கும் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நம் ஊரில் அப்படி ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் தனிவீடுகளின் காலத்தில் உருவானது. முற்றமும் பின்வாசலும் இருந்த வீட்டில் பெரிய சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்துவிடலாம். இன்றைய குசினி இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாத அகலம். நான்காம் மாடியில் இருக்கும். அல்லது ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒடுக்கமான ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டைப் பிரித்து வாடகைக்கு விட்ட பின்கட்டில் இருக்கும். இப்படியான வீட்டுக்கு முதலில் தீர்மானிக்க வேண்டியது சிலிண்டரின் அளவு அல்ல, எத்தனை சிலிண்டர் என்பது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடம் இருக்கிற எந்த வீட்டிலும் இரண்டு சிலிண்டர் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது 5 கிலோவாக இருக்க வேண்டும். மூன்று பேருக்கு மேல் இல்லாத வீட்டில் இரண்டுமே 5 கிலோவாக இருப்பது நல்லது. இதற்கான காரணங்களையும், இதை ஏற்காதவர்கள் சொல்லும் நியாயங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ஆட்சேபம் விலை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது அரிசிக்கும் பருப்புக்கும் பொருந்துகிற கணக்கு, காஸுக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா என்று கேட்பார்கள். அது அநேகமாகப் பொருந்துவதில்லை. 2024 ஜூலையில் லிட்ரோ நிறுவனம் கொழும்பு மாவட்டத்துக்கு அறிவித்த விலைகளை எடுத்துக்கொள்வோம்: 12.5 கிலோ 3,690 ரூபா, 5 கிலோ 1,482 ரூபா, 2.3 கிலோ 694 ரூபா. வகுத்துப் பார்த்தால் பெரிய சிலிண்டரில் ஒரு கிலோ 295 ரூபா 20 சதம், 5 கிலோவில் 296 ரூபா 40 சதம். 5 கிலோ சிலிண்டர் ஒன்றை முழுவதும் எரித்து முடிக்கும்போது நீங்கள் கூடுதலாகக் கொடுத்திருப்பது ஆறு ரூபா. 2.3 கிலோவில் மட்டும் கிலோ 301 ரூபாவைத் தாண்டுகிறது. இது ஏதோ ஒரு மாதத்தின் தற்செயல் அல்ல. விலை மிக உயர்ந்திருந்த 2022 ஏப்ரலிலும் 12.5 கிலோ 4,860 ரூபா, 5 கிலோ 1,945 ரூபா. அப்போதும் இரண்டிலும் கிலோ 389 ரூபாதான். விலை ஏறும், இறங்கும். ஆனால் நிறுவனங்கள் எடைக்கு ஏற்ற விகிதத்தில்தான் விலை வைக்கின்றன. கடையில் நிற்கும்போது அன்றைய விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் அரை நிமிட வேலை. உண்மையில் கூடுதலாகச் செலவாவது முதல்முறை சிலிண்டர் வாங்கும்போதுதான். காஸின் விலையோடு இரும்புக் கூட்டுக்கும் பணம் கட்ட வேண்டும், இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு கூட்டுக்கும். இது மறைக்க முடியாத செலவு. ஆனால் ஒருமுறை செய்கிற செலவு. கூடு பல ஆண்டுகள் உங்களோடு இருக்கும், வெறும் கூட்டைக் கொடுத்து நிரப்பியதை வாங்குகிற உரிமையும் அதோடு இருக்கும். கூடு வாங்கும்போது தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எடையால் வகுத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் 18 லீற்றர் என்று குறிக்கப்பட்ட ஒரு சிலிண்டர் சந்தைக்கு வந்தது. அதில் இருந்த காஸ் 9.18 கிலோ. 12.5 கிலோ சிலிண்டருக்கும் அதற்கும் இடையில் விலையில் இருந்த வித்தியாசமோ ஏறக்குறைய நூறு ரூபாதான். மூன்று கிலோவுக்கு மேல் குறைவான காஸை நூறு ரூபா தள்ளுபடியில் வாங்கியவர்கள் பலர், ஏனென்றால் லீற்றரும் கிலோவும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. இதைச் சரிசெய்யப் பொதுமக்களின் எதிர்ப்பும் நுகர்வோர் விவகார அதிகார சபையின் தலையீடும் வேண்டியிருந்தது. திரவ காஸ் லீற்றருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையே கொண்டது என்பதை நினைவில் வைத்தால் இப்படிக் குழம்ப வேண்டியதில்லை. சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் வெறும் கூட்டின் எடை அச்சிடப்பட்டிருக்கும். நிரம்பிய சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்தால் காஸின் எடை கிடைக்கும். நிறுத்துத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை, கடைக்காரர் முகம் சுளிக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். எடை குறைந்தாலோ அறிவித்த விலைக்கு மேல் கேட்டாலோ அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். இந்த விடயத்தில் 5 கிலோ சிலிண்டருக்கு ஒரு வசதி: வீட்டில் ஆள் எடை பார்க்கும் சாதாரணத் தராசிலேயே ஒருவர் தூக்கி வைத்து நிறுத்துவிடலாம்.

இனி எரிகிற நேரக் கணக்கு. ஒரு கிலோ காஸில் ஏறக்குறைய 12.8 யூனிற் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் உண்டு. நடுத்தர அடுப்பின் ஒரு எரிவாய் முழுச் சுடரில் சுமார் 2 கிலோவாட் எரிக்கும் என்று கொண்டால், 5 கிலோ சிலிண்டர் 32 மணி நேரமும் 12.5 கிலோ சிலிண்டர் 80 மணி நேரமும் வரும். காலையில் தேநீரும் இடியப்பமோ புட்டோ ஒன்றும், மத்தியானம் சோறும் இரண்டு கறியும், இரவுக்கு ஏதாவது இலேசாக என்று சமைக்கிற வீட்டில் எல்லா எரிவாயையும் கூட்டினால் நாளொன்றுக்கு இரண்டு மணியிலிருந்து மூன்று மணி நேரம் அடுப்பு எரியும். அப்படியானால் சின்னது பத்து நாளிலிருந்து பதினாறு நாள் வரை, பெரியது நான்கு முதல் ஆறு வாரம் வரை. சுடரைக் குறைத்துச் சமைப்பவருக்கு இன்னும் நீளும். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சுமார் 13 கிராம் காஸ் போகிறது, பாதி வெப்பம் பாத்திரத்தைச் சுற்றி வீணாவதையும் சேர்த்து. இந்தக் கணக்கைப் பார்த்ததும் இரண்டாவது ஆட்சேபம் வரும்: பத்து நாளுக்கொரு தடவை கடைக்கு ஓட யாரால் முடியும்? நியாயமான கேள்வி. ஆனால் ஒற்றைச் சிலிண்டர் வைத்திருப்பவர் ஓடுவதும் இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர் போவதும் ஒன்றல்ல. ஒற்றைச் சிலிண்டர் எப்போதும் அடுப்பில் ஏதாவது பாதி வெந்திருக்கும்போதுதான் தீரும். அன்று போயா தினமாக இருக்கலாம், இரவு எட்டு மணியாக இருக்கலாம், வீட்டில் விருந்தினர் இருக்கலாம். இந்தப் பயத்தினால் பலர் சிலிண்டர் முற்றாகத் தீருமுன்னே மாற்றிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் காஸுக்கு யாரும் பணம் திருப்பித் தருவதில்லை. அரைக் கிலோ மிச்சம் இருந்தால் 2024 விலையில் 147 ரூபா கடைக்கே திரும்பிப் போகிறது. சின்னச் சிலிண்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆறு ரூபாவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் உள்ள வீட்டில் முதலாவதைக் கடைசிச் சுடர்வரை எரிக்கலாம். பிறகு மற்றதை மாட்டிவிட்டு, உங்களுக்கு வசதியான நாளில், வேறு அலுவலாகக் காலி வீதிக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு எனது கண்டுபிடிப்பு அல்ல. இந்தியாவில் 14.2 கிலோ சிலிண்டர் வாங்குகிற குடும்பங்கள் இரட்டை இணைப்பு எடுப்பது மிகச் சாதாரணம். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடுகளின் முன்புறத்தில் இரண்டு புரொப்பேன் தாங்கிகளை அருகருகே பொருத்தியிருப்பார்கள். பெரும்பாலும் 20 இறாத்தல், அதாவது 9 கிலோ அளவு. ஒன்று தீர்ந்ததும் மற்றதற்குத் தானாக மாறுகிற வால்வும் நடுவில் இருக்கும். 30 இறாத்தல் தாங்கிகளும் அங்கே கிடைக்கின்றன, ஆனாலும் பலர் 20 இறாத்தலையே விரும்புவதற்குக் காரணம், எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம், ஒருவரே தூக்கலாம் என்பதுதான். காட்டோரத்தில் வண்டியை நிறுத்தியிருப்பவருக்கும் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும் நிலைமை இந்த ஒரு விடயத்தில் ஒன்றுதான்: இடம் குறைவு, தூக்கிச் செல்வது தாமே, காஸ் தீர்ந்தால் உடனே வேறு வழியில்லை.

வேறு வழியில்லாமல் போவது எப்படியிருக்கும் என்பதைக் கொழும்பு 2022இல் பார்த்தது. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் அந்த மாதமே 2,675 ரூபாவுக்குத் தாவியது. அடுத்த ஏப்ரலில் 4,860 ஆனது. விலையைவிடப் பெரிய துன்பம் காஸ் இல்லாமை. டொலர் இல்லாததால் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் பணத்துக்காகக் காத்து நின்றன. வீதியோரங்களில் வெறுஞ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வரிசையில் வைத்துவிட்டு மக்கள் இரவு பகலாக நின்றார்கள். மற்ற நிறுவனமான லாஃப்ஸின் சிலிண்டர் மட்டும் வைத்திருந்த வீடுகள் இன்னும் நீண்ட காலம் தவித்தன. அப்படியொரு தட்டுப்பாட்டை இரண்டாவது சிலிண்டர் தீர்த்துவிடாது, உண்மைதான். மூன்று மாதம் காஸ் வராவிட்டால் எத்தனை சிலிண்டர் இருந்தும் பயனில்லை. ஆனால் எல்லாத் தட்டுப்பாடும் 2022 போன்றதல்ல. ஒரு கப்பல் பிந்துகிறது, விலை மாறப்போகிறது என்ற செய்தி வந்து கடைகள் கையிருப்பை வெளியே விடாமல் இருக்கின்றன, பண்டிகைக்கு முந்திய வாரத்தில் எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள். இப்படி வருகிற ஒரு வாரம், பத்து நாள் இடைவெளிகளே அதிகம். ஐந்து கிலோ கையிருப்பு சரியாக அந்த இடைவெளியைத் தாண்டவைக்கும் அளவு.

இரண்டு நிறுவனங்களின் சிலிண்டரில் ஒவ்வொன்று வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அரசுக்குச் சொந்தமான லிட்ரோவின் காஸ் கெரவலப்பிட்டிய களஞ்சியத்திலிருந்து வருகிறது. லாஃப்ஸ் தனியார் நிறுவனம், அதற்கு ஹம்பாந்தோட்டையில் தனி முனையம் உண்டு. ஒன்று தடைப்பட்டாலும் மற்றது கிடைக்கலாம் என்ற கணிப்பில் பொருள் இருக்கிறது. ஆனால் கடையும் பற்றுச்சீட்டும் இரண்டாகும், ரெகுலேட்டரும் இரண்டாகலாம். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் இந்தச் சிக்கல் வேண்டாம், ஒரே நிறுவனத்தில் இரண்டு எடுங்கள். எந்த வழியில் போனாலும், உங்களிடமுள்ள ரெகுலேட்டர் புதிய சிலிண்டரின் வால்வில் சரியாக உட்காருகிறதா என்பதைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். இறுகாத ரெகுலேட்டரை வளைத்து, துணி சுற்றிப் பொருத்துவதைப்போல் ஆபத்தான வேலை குசினியில் வேறில்லை.

எடைக்கு வருகிறேன். தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய முதற் காரணம் இதுவென்றே நினைக்கிறேன். 12.5 கிலோ காஸோடு இரும்புக் கூட்டையும் சேர்த்தால் கையில் வருவது அரை மூட்டை அரிசியின் எடை. வெள்ளவத்தையில் பல தொடர்மாடிகளில் ஆட்கள் ஏறும் லிப்டில் சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு சரியானதும்கூட, ஏனென்றால் மூடிய பெட்டிக்குள் கசிவு என்றால் தப்ப இடமில்லை. மின்சாரம் போனால் லிப்டும் இல்லை. ஆகவே படிக்கட்டில் யாராவது சுமக்க வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, அறுபது எழுபது வயதில் கணவனும் மனைவியுமாகவோ தனியாகவோ இருக்கிற வீடுகள் வெள்ளவத்தையில் எத்தனை என்பது அங்கிருக்கும் எவருக்கும் தெரியும். அந்த அம்மாவால் பெரிய சிலிண்டரை அசைக்க முடியாது. கொண்டுவரும் பையனை நம்பித்தான் இருக்க வேண்டும். அவனே ரெகுலேட்டரை மாட்டிவிட்டுப் போவான், அது சரியாக மாட்டப்பட்டதா என்று குனிந்து பார்க்கவும் அவரால் இயலாது. சிலிண்டரை நகர்த்திப் பின்னால் கூட்ட முடியாததால் அடியில் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும், ரப்பர் குழாயை எலி கடித்தாலும் தெரியாது. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் குழாயில் எலிப்பல் படுவது அபூர்வமல்ல. 5 கிலோ சிலிண்டர் பெரியதில் பாதி எடைகூட இல்லை. முன்னே இழுத்து வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, துடைத்து, மாட்டி, சவர்க்கார நுரை பூசிச் சோதிக்கலாம். தன் கையால் அசைக்க முடிந்த பொருளைத்தான் மனிதர் ஒழுங்காகக் கவனிப்பார்கள்.

அப்படியானால் சின்னச் சிலிண்டர் பாதுகாப்பானதா? இங்கே நான் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கையே ஆபத்தாகிவிடும். இரண்டரை மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் கொண்ட குசினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள காற்று சுமார் 13 கனமீற்றர். காஸ் காற்றில் 2 சதவீதத்தை எட்டினாலே பற்றிக்கொள்ளும். அந்த அளவுக்கு அறை முழுவதும் நிரம்ப அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான காஸ் போதும். அதுவும் சமமாகப் பரவினால்தான். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமான காஸ் தரையோடு தேங்குவதால், முழங்கால் உயரத்துக்குள் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே ஆபத்து வந்துவிடும். ஆகவே 5 கிலோ சிலிண்டரிலும் அந்தக் குசினியைப் பலமுறை வெடிக்கவைக்கும் காஸ் இருக்கிறது. சிலிண்டரின் அளவு உங்களைக் காப்பாற்றாது. தரையோடு காற்றுப் போக வழி, நல்ல குழாய், இறுகிய இணைப்பு, மணத்தை உணரும் மூக்கு, இவைதான் காப்பாற்றும். அளவு வித்தியாசப்படுத்துவது நெருப்புப் பற்றிய பிறகு: எரிந்து முடிய வேண்டிய எரிபொருள் குறைவு. இரண்டு சிலிண்டர் வைத்தால் ஆபத்தும் இரட்டிப்பாகுமே என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இரண்டு 5 கிலோ சேர்ந்தாலும் 10 கிலோதான், ஒரு பெரிய சிலிண்டரைவிடக் குறைவு. அதோடு எப்போதும் ஒன்று பாதி எரிந்த நிலையில் இருக்கும், மற்றது சீல் உடைக்காமல் மூடியபடி இருக்கும்.

2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த செய்திகள் நாளாந்தம் வந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அடுப்பின் கண்ணாடி மேற்பரப்பு சிதறியது, ரெகுலேட்டரில் நெருப்புப் பற்றியது, சில இடங்களில் உயிரும் போனது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்தபோது, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியிருந்ததே முக்கிய காரணமாகச் சுட்டப்பட்டது. நம் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. வழக்கமாகப் பியூட்டேன் பெரும்பங்கு, புரொப்பேன் ஐந்தில் ஒரு பங்களவு. அந்தக் காலத்தில் புரொப்பேன் ஏறக்குறைய பாதிக்கு உயர்ந்திருந்தது. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் பியூட்டேன் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் தரும், புரொப்பேன் பத்து மடங்குக்கு மேல் தரும். ஆகவே புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய ரெகுலேட்டரும் காய்ந்து வெடித்த ரப்பர் குழாயும் தளர்ந்த கிளிப்பும் முந்திய அழுத்தத்தை ஒருவாறு தாங்கிக்கொண்டிருந்தவை. அழுத்தம் ஏறியதும் கசிந்தன. கசிவை அறிவிக்கக் கலக்கும் எத்தில் மெர்கப்டான் என்ற நாற்றப் பொருளின் அளவும் அப்போது கேள்விக்குள்ளானது, அதன்பிறகு கூட்டப்பட்டது. இதிலிருந்து சிலிண்டர் வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விடயங்கள். கலவையும் எடையும் குறிக்கப்பட்ட ஒட்டுச்சீட்டு இல்லாத, வால்வின் சீல் கலைந்திருக்கிற சிலிண்டரை எந்த அவசரத்திலும் ஏற்காதீர்கள். மற்றது, சிலிண்டருக்குக் கொடுக்கிற யோசனையில் பாதியையாவது ரெகுலேட்டருக்கும் குழாய்க்கும் கொடுங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ளதை வாங்குங்கள். குழாயை விரலால் மடித்துப் பாருங்கள், மடிப்பில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். சிலிண்டர் வால்வின் வாய்க்குள் ஒரு சிறிய கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். அது நசுங்கியோ விலகியோ இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டுப் பூசினால் அந்த இடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும்.

எங்கே வைப்பது என்பதும் தேர்வின் பகுதிதான். கடற்கரையோரமாக மரைன் டிரைவைப் பார்த்த பல்கனி காற்றோட்டத்துக்கு நல்லது, இரும்புக்குக் கெட்டது. உப்புக் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் சிலிண்டரின் அடிவளையத்தில் துருவேற்றிவிடும். வெளியே வைப்பதானால் நேர் வெயிலும் தூவானமும் படாத மூலையில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர் வடியும் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கசியும் காஸ் அதற்குள் இறங்கிக் கீழ்மாடிக்குப் போகும். இரண்டாவது சிலிண்டரை நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்திலோ படிக்கட்டின் கீழோ ஒளித்து வைப்பது இங்கே காணப்படும் வழக்கம். அங்கேதான் கனமான காஸ் தேங்கும், எல்லோரும் தப்பி ஓட வேண்டிய வழியும் அதுதான். கதவு மூடிய அலுமாரியும் கூடாது. இரண்டு சின்னச் சிலிண்டர்களுக்குக் குசினியிலோ பல்கனியிலோ ஒழுங்கான இடம் கண்டுபிடிக்க முடியாத வீடானால், ஒரு 5 கிலோவோடு நிறுத்திக்கொண்டு கையிருப்பாக மின்சார அடுப்பு ஒன்று வாங்குங்கள். ஒற்றை அறையில் படுத்து, படித்து, சமைக்கிற மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். யன்னல் மூடிய அறையில் எரியும் அடுப்பு நச்சான காபன் மொனொக்சைட்டையும் சேர்க்கும், அதற்கு மணமே இல்லை.

காஸே வேண்டாம், முழுவதும் மின்சாரத்துக்கு மாறிவிடலாமே என்ற ஆட்சேபம் வலுவானதுதான். இண்டக்ஷன் அடுப்பு வெப்பத்தை வீணாக்குவது குறைவு, கசிவும் இல்லை. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. மின்சாரம் நின்ற நாளில் காஸ் கைகொடுத்தது, காஸ் இல்லாத நாளில் மின்சாரம் ஓரளவு கைகொடுத்தது. ஒன்றை மற்றதால் முழுவதும் மாற்றிவிடாமல் இரண்டையும் வைத்திருப்பதே இங்கே அறிவுடைமை. 12.5 கிலோவின் இடத்தைச் சின்னச் சிலிண்டருக்குக் கொடுத்தால் மீதமாகும் இடத்தில் ஓர் இண்டக்ஷன் அடுப்பு தாராளமாக அடங்கும்.

சின்னச் சிலிண்டர் போதிய வேகத்தில் காஸ் தராது, கடைசியில் சுடர் படுத்துவிடும் என்று ஒரு பேச்சும் உண்டு. குளிர் நாடுகளில் அது உண்மை. பியூட்டேன் பூச்சியப் பாகைக்கு அருகில் ஆவியாக மறுக்கும், அதனால்தான் பனியில் பயணிக்கிறவர்கள் மைனஸ் 42 பாகையிலும் கொதிக்கிற புரொப்பேனை மட்டும் நிரப்புகிறார்கள். கொழும்பின் வெப்பத்தில் இரண்டு எரிவாய் அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர் கடைசிவரை தடையின்றிக் கொடுக்கும். கலியாண வீட்டுக்குப் பெரிய சட்டி வைத்து வேகமான தனி எரிவாயில் சமைப்பதற்கு மட்டும் அது போதாது. சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துக் குளிர்ந்து சுடர் தாழும். அப்போது வெந்நீர் ஊற்றுவதும், படுக்கவைத்து உருட்டுவதும் உயிருக்கு ஆபத்து. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவம் குழாய்க்குள் வந்துவிடும்.

ஐந்தாறு பேர் உள்ள, மூன்று நேரமும் வீட்டில் சமைக்கிற, நிலமட்டத்தில் இருக்கிற கொட்டாஞ்சேனைக் குடும்பத்துக்கு இரண்டு சின்னது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாரத்துக்கொரு தடவை மாற்றுவது சலிப்பூட்டும். அவர்களுக்கு 12.5 கிலோ ஒன்றும் 5 கிலோ ஒன்றும். ஏற்கெனவே பெரியது வைத்திருக்கிறவர்களும் அதை விற்றுவிட வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு 5 கிலோவைச் சேர்த்தால் போதும். புதிய தொடர்மாடிகள் சிலவற்றில் கட்டடத்துக்கு வெளியே 37.5 கிலோ சிலிண்டர்களை வரிசையாக வைத்துக் குழாய்வழி காஸ் கொடுத்து மீற்றரில் கணக்கிடுகிறார்கள். அங்கே குடியேறுகிறவருக்குச் சிலிண்டர் பற்றிய இந்தக் கேள்வியே இல்லை. குழாயைக் கடைசியாகச் சோதித்த திகதியை மட்டும் நிர்வாகத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிலிண்டர் வாங்கியாகிவிட்டது என்றால், மாற்றுகிற ஒழுங்கைத் தொடக்கத்திலேயே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தீர்ந்ததும் எல்லா எரிவாயையும் அணைத்து, சாமி விளக்கு எரிந்தால் அதையும் அணைத்து, யன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்ற வேண்டும். புதியதின் வால்வில் ரப்பர் வளையத்தைப் பார்த்து மாட்டி, நுரை பூசிக் குமிழி இல்லை என்று கண்ட பிறகே பற்றவைக்க வேண்டும். மாட்டிய திகதியைச் சிலிண்டரில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதினால் இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் எத்தனை நாள் என்பது தெரிந்துவிடும். பிறகு ஒன்று வழக்கத்தைவிட முன்கூட்டியே தீர்ந்தால் எடை குறைவா கசிவா என்று உடனே தேடலாம். மணம் வந்தால் மின்விளக்கின் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, வெளியே வந்து 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புப் படையை அழையுங்கள். வெறுஞ் சிலிண்டரை ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் வைக்காதீர்கள். மாற்றாமல் விட்ட வெறுஞ் சிலிண்டர் உங்களை மறுபடி ஒற்றைச் சிலிண்டர்க்காரராக்கிவிடும்.